சுவரில் கட்டம்! செல்போனைக் காட்டினால் பாஷை பேசுது! மாணவர்களைப் பிடிக்க அமெரிக்கக் கல்லூரிகளில் புது வழி

டீக்கடையில் டீ குடித்தோம். கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு-வெள்ளைக் கட்டத்துக்கு நேராகச் செல்போனைக் காட்டினோம். காசு போய்ச் சேர்ந்தாச்சு!

அதே கட்டம் அமெரிக்காவில் வேறு வேலையும் பார்க்கிறது. "எங்க பாஷையைப் படிக்க வாங்க" என்று கல்லூரி மாணவர்களைக் கூவி அழைக்கிறது!

ஆள் இல்லை

ஏன் இப்படிக் கூவவேண்டும்?

வகுப்புக்கு ஆள் குறைந்துவிட்டது. 2016-க்கும் 2021-க்கும் இடையே அமெரிக்கக் கல்லூரிகளில் பிறமொழி படிப்போர் எண்ணிக்கை 16.6 சதவீதம் சரிந்தது. அங்குள்ள நவீன மொழிச் சங்கம் எடுத்த கணக்கு இது. ஜெர்மன் வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு ஆள் காணோம். கொரிய மொழிக்கு மட்டும் என்ன யோகமோ, 38 சதவீதம் ஏறியது!

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தனது மொழிப் பட்டப்படிப்புகளையே மூட முடிவு செய்தது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி கோஷம் போட்டும் பலிக்கவில்லை. வாத்தியார்கள் பலருக்கு வேலை போயிற்று.

படிக்கட்டிலும் கட்டம்

அந்தப் பயம்தான் மொழித்துறைகளைச் சுவரொட்டி ஒட்ட வைத்திருக்கிறது. நூலக வாசல், சாப்பாட்டுக் கூடம், மாடிப்படி... போகிற வருகிற மாணவன் போனை நீட்டினால் அந்த மொழியில் ஒரு வணக்கம் காதில் விழும். என்ன வகுப்பு, எத்தனை மணிக்கு, யாரைப் பார்ப்பது எல்லாம் திரையில் வரும்.

பெர்க்லி, சிகாகோ பல்கலைக்கழகங்களில் தமிழும் சொல்லித் தருகிறார்கள். இதுபோன்ற சின்ன வகுப்புக்கு நாலு பேர் கூடச் சேர்ந்தாலே பெரிய தெம்பு!

செலவு இல்லை

இந்தக் கட்டம் பிறந்தது ஜப்பானில், 1994-ல். கார் பாகங்களைக் கணக்குப் பார்க்க டென்சோ கம்பெனி என்ஜினீயர் மசஹிரோ ஹராவும் அவர் குழுவும் செய்தது. 'கோ' என்ற பலகை விளையாட்டின் கறுப்பு-வெள்ளைக் காய்களைப் பார்த்து வந்த யோசனையாம்!

அழுக்குப் படிந்தாலும், ஓரம் கிழிந்தாலும் படிக்கும். 30 சதவீதம் வரை சிதைந்தாலும் சமாளிக்கும்படி அச்சடிக்கலாம். உரிமைப் பணம் வேண்டாம் என்று கம்பெனி விட்டுவிட்டது. கையில் காசில்லாத மொழித்துறைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தாள், கொஞ்சம் மை!

உஷார்!

ஆனால் ஒன்று. நல்ல கட்டத்தின் மேல் மோசடிக்காரன் வேறு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போகிற கதை அங்கேயும் உண்டு. போன வருஷத்து வகுப்பு விவரத்தைக் காட்டும் கட்டமும் உண்டு. ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை போனை எடுப்பானா?

கட்டம் கதவைக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருக்கணும். துறையையே மூடிவிட்டால் கட்டம் எங்கே கூட்டிப்போகும்?