போர் மூண்ட நாளில் சரிந்த எண்ணெய் விலை

போர் வந்தால் பெட்ரோல் விலை ஏறும். காரோட்டும் எவரும் சொல்லிவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் 1991 ஜனவரி 17ஆம் தேதி அந்தக் கணக்கு தலைகீழாகப் போனது. அமெரிக்காவின் தலைமையிலான கூட்டுப் படைகள் ஈராக் மீது குண்டு வீசத் தொடங்கிய அன்று, கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பீப்பாய்க்கு 30 டாலருக்கு மேல் இருந்தது, 21 டாலர் அளவுக்கு இறங்கியது.

இது எப்படி நடந்தது? 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக், குவைத்துக்குள் புகுந்தது. ஐ.நா. தடை விதித்ததும் இரு நாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த எண்ணெய், நாளொன்றுக்கு 4 மில்லியன் பீப்பாய்க்கு மேல், சந்தையிலிருந்து மறைந்தது. சவூதி அரேபியாவும் மற்ற நாடுகளும் உற்பத்தியைக் கூட்டி, சில மாதங்களில் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டின. அப்படியிருந்தும் ஜூலைத் தொடக்கத்தில் 20 டாலருக்குக் கீழே இருந்த விலை, அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது.

காரணம் பற்றாக்குறை மட்டுமல்ல, பயம். அடுத்து சவூதியின் எண்ணெய் வயல்கள் தாக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற பயம். எண்ணெய் வணிகர்கள் இன்றைய சரக்கை மட்டும் வாங்குவதில்லை. சில மாதங்கள் கழித்து வரப்போகும் சரக்குக்கும் இன்றே விலை பேசிவிடுகிறார்கள். வெள்ளம் வரும் என்று பேச்சு கிளம்பியதுமே அரிசி மூட்டையை வாங்கி அடுக்குவதைப் போலத்தான்.

குண்டு விழத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, சவூதி வயல்களுக்கு ஆபத்தில்லை என்பது தெரிந்துவிட்டது. அமெரிக்காவும் தன் அவசரக் கையிருப்பைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. அடுத்த மாதம், பின்வாங்கிய ஈராக்கியப் படைகள் குவைத்தின் 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தன. வானமே கறுத்தது, விலையோ 20 டாலரை ஒட்டியே நின்றது. அந்த எண்ணெயைச் சந்தை எப்போதோ கணக்கிலிருந்து கழித்துவிட்டிருந்தது.

சந்தை விலை இறங்கினால் பெட்ரோல் நிலையத்திலும் உடனே இறங்க வேண்டாமா என்று கேட்கலாம். சுத்திகரிப்பு, கப்பல் வாடகை, போர்க்காலத்தில் கூடிவிடும் கப்பல் காப்புறுதி, எல்லாம் இடையில் இருக்கின்றன. வரி வேறு. சிங்கப்பூரில் பெட்ரோல் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதால், கச்சா எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் பெட்ரோல் பாதியாகாது.

யார் கொடுக்கிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். 2022 மார்ச்சில், உக்ரேன் போரால் கச்சா எண்ணெய் 130 டாலரைத் தாண்டியபோது சிங்கப்பூரில் 95 ரக பெட்ரோல் லிட்டருக்கு 3 வெள்ளியைத் தாண்டியது. பாலத்தின் மறுபக்கம் மலேசியாவில் ரோன் 95, 2 ரிங்கிட் 5 சென்னிலேயே நின்றது. அங்கே வித்தியாசத்தைக் கட்டியது அரசாங்கக் கருவூலம். இங்கே காரோட்டியின் பணப்பை.