உங்களுக்குத் தெரியுமா? பன்றியும் குடற்புழுவும்

◆ பன்றிக் குடலின் பெரிய உருண்டைப்புழு ஏறக்குறைய ஒரு முழம் வரை வளரும். பெண் புழு ஒரே நாளில் 2 லட்சம் முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது.

◆ சாணியோடு விழும் முட்டை உடனே தொற்றாது. உள்ளே குஞ்சுப்புழு உருவாக, வெதுவெதுப்பான ஈரத்தில் சில வாரங்கள் கிடக்க வேண்டும். சாணியை அன்றன்றே வழித்து அள்ளும் கொட்டகைகளில் புழு குறைவதற்கு இதுதான் காரணம். மண்ணில் விட்டுவிட்டால் முட்டை ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினி அந்தத் தடித்த ஓட்டை ஒன்றும் செய்யாது. கொதிநீராவியும் காயும் வெயிலும்தான் அதற்கு எமன்.

◆ பன்றி விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போகும். அங்கிருந்து நுரையீரல், இருமலோடு தொண்டைக்கு ஏறி, மறுபடி குடல். அது போன தடம் ஈரலில் பால் தெளித்தாற்போல் வெண்புள்ளிகளாகத் தெரியும். புதுத் தொற்று இல்லாவிட்டால் சில வாரங்களில் புள்ளிகள் மறைந்துவிடும். ஆகவே வெட்டும் இடத்தில் ஈரலில் வெண்புள்ளிகள் தெரிந்தால், தொற்று அண்மையில்தான் நடந்திருக்கிறது. பண்ணையாளர்கள் அந்த ஈரலை ஒருமுறையாவது கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

◆ குட்டி ஈனுமுன் தாய்ப்பன்றிக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, மடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்ல வழக்கம். காம்பில் ஒட்டியிருக்கும் முட்டை, குட்டியின் முதல் பாலோடு உள்ளே போய்விடும்.

◆ முள்தலைப்புழு, மண்ணைக் கிளறி மேயும் பன்றிகளுக்கே வரும். வண்டுப் புழுக்களைத் தின்பதால் தொற்றுவது அது. சிமெண்டுத் தரையில் வளர்பவற்றிடம் காண்பது அரிது.

◆ பன்றி இறைச்சியைத் தொட்டே பாராதவர் மூளையிலும் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் வரலாம்! வளர்ந்த நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில். அதன் முட்டை மனித மலத்தோடு வெளியேறுகிறது. திறந்தவெளியில் அதைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டிகள் உண்டாகின்றன. அதே முட்டை, கழுவாத கை வழியாகவோ உணவு வழியாகவோ மனிதர் வயிற்றுக்குப் போனால் மூளைக்கும் போய் வலிப்பை உண்டாக்கும். வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. தெருவில் திரியும் பன்றியைத் திட்டுகிறோம். அதற்கு இந்தப் புழுவைக் கொடுத்தவர்கள் நாம்தான்.

◆ பன்றிக்கு இந்த நாடாப்புழுவுக்கான தடுப்பூசி உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து உருவாக்கியது, ஐதராபாத்தில் தயாராகிறது. அதோடு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தையும் கொடுத்தால், தசையில் ஏற்கெனவே உள்ள கட்டிகளும் மடிகின்றன.