மனப்பாடமான படத்துக்கும் கூட்டம்

நேயர்களே, வசனம் முழுவதும் மனப்பாடமான பிறகும் அதே படத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகும் ரசிகர்கள் உண்டு. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள பிராட்டில் திரையரங்கு அப்படிப்பட்டவர்களுக்குப் பேர்போனது. ஹாலிவுட்டின் பொற்காலப் படமான 'காசாபிளாங்கா'வை அவர்கள் அங்கே கொண்டாடினார்கள்.

1942-ல் வெளிவந்த இந்தப் படத்தின் நாயகன் ஹம்ப்ரி போகார்ட், 1957 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு பிராட்டில் அந்தப் படத்தைத் திரையிட்டதும் மாணவர்கள் திரண்டு வந்தார்கள். அதன்பின் தேர்வுக் காலம் வந்தாலே அங்கே போகார்ட் படங்கள் ஓடுவது வழக்கமாகிவிட்டது. அவரைப் போலவே நீள மழைக்கோட்டு அணிந்து வந்தார்கள்; திரையோடு சேர்ந்து வசனம் பேசினார்கள்.

படத்தில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. மதுவிடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் பாட, அதற்கு எதிராக மற்றவர்கள் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடுவார்கள். கன்னத்தில் கண்ணீர் வழியப் பாடும் இளம் நடிகை மதலேன் லெபோ, 1940-ல் நாஜிப் படையெடுப்பின்போது பிரான்சிலிருந்து தப்பி வந்தவர். உடன் நடித்த பலரும் நிஜ அகதிகளே. அந்தக் காட்சி இன்றும் மனதை உலுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காதலர் தினத்தையொட்டி 'காசாபிளாங்கா'வைத் திரையிடும் வழக்கம் பிராட்டிலில் இன்றும் தொடர்கிறது. நல்ல பழைய படம் உங்கள் ஊர் அரங்குக்கு வந்தால், நேயர்களே, தவறவிடாதீர்கள். வீட்டில் தனியாகப் பார்ப்பதைவிட, நாலு பேரோடு சேர்ந்து ரசிப்பதில் இன்பம் அதிகம்.