ஜாதிக்காய்த் தோட்டத்தில் எழுந்த அதிபர் மாளிகை

மேட்டில் துரை பங்களா, சரிவில் லயன்கள். சுங்கை சோ, ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அப்படியொரு தோட்டத்து மேட்டில் எழுந்ததுதான். அது ரப்பர் தோட்டமல்ல, ஜாதிக்காய்த் தோட்டம்.

அதன் உரிமையாளர் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப். 1850களில் பரவிய நோயால் சிங்கப்பூரின் ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. 1867இல் ஏறத்தாழ 100 ஏக்கரை வாங்கிய அரசாங்கம், ஆளுநர் சர் ஹேரி ஆர்டுக்காக அங்கே மாளிகை கட்டத் தொடங்கியது. வேலை 1869இல் முடிந்தது. வடிவமைத்த மெக்நாயர் காலனியின் பொறியாளர். கைதிகளின் மேலதிகாரியும் அவரே. கட்டியவர்கள் யார் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் கைதிகள் சிங்கப்பூரில் வேலை வாங்கப்பட்டனர். சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் உழைப்பே. அதன் சுவருக்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை கலந்து பூசினார்கள். நம் ஊர்க் கொத்தனார் கைப்பக்குவம்! ஆளுநர்களைப் பெயர் பெயராகச் சொல்லும் மாளிகை வரலாறு, இவர்களைக் 'கைதிகள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றதும் மாளிகை 'இஸ்தானா' ஆயிற்று. நாட்டுத் தலைவராகப் பொறுப்பேற்ற யூசோப் இசாக், பெரிய மாளிகையில் குடியேறாமல், அதே வளாகத்திலிருந்த 'ஸ்ரீ மெலாத்தி' வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தார். அவர் துணைவியார் புவான் நோர் ஆயிஷாவுக்கு அப்போது வயது 26. வெள்ளைக்காரச் சாப்பாடே நடந்த சமையலறையில் ரெண்டாங்கும் கறிபாப்பும் நுழைந்தது அவர் கைவண்ணம்.

1981இல் அதிபரான தேவன் நாயர், மலாக்கா ஜாசினில் ஒரு ரப்பர் தோட்டக் கிராணியின் மகன். கிராணி வீட்டுப் பிள்ளை துரை பங்களாப் படியேறுவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் பிறந்தவர் அவர். கைதிகள் கட்டிய அந்த வீட்டுக்கு 1985 வரை அவர்தான் தலைவர்.

1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனின் இளமை ஜொகூர் மூவாரில் கழிந்தது. தந்தையை எட்டு வயதில் இழந்தவர். இஸ்தானாவுக்கு அலுவலாகப் போய்வந்தாரே தவிர, குடும்பத்தோடு வாழ்ந்தது சிலோன் சாலையிலுள்ள சொந்த வீட்டில்தான். 2023இல் யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம், 70.4 விழுக்காட்டு வாக்குகளோடு அதிபரானார். பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டது அதே இஸ்தானாவில்.

ஆண்டில் ஐந்து பண்டிகை, விழாக்களையொட்டி மாளிகை வாசல் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று தீபாவளி.