மஞ்சளைக் கரைக்கும் நீலம்

கதவு நிலையில் முட்டிக்கொண்ட இடம் முதலில் சிவந்து கன்றும், மறுநாள் நீலம் பாரிக்கும், பிறகு பச்சை படரும், கடைசியில் மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தை உடல் கழித்துக்கட்டும் வரிசை அது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீம் உடைந்தால் பச்சை நிறப் பிலிவெர்டின்; அது மாறினால் மஞ்சள் நிறப் பிலிருபின். பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தையின் முகத்தில் ஏறும் மஞ்சளும் இதே பிலிருபின்தான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பத்தில் ஆறு பேருக்கு இந்த மஞ்சள் வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களில் எட்டுப் பேருக்கு. கருப்பையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிசு சிவப்பணுக்களை அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கும். முதல் மூச்சுக்குப் பிறகு அவ்வளவும் தேவையில்லை. நம் சிவப்பணு 120 நாள் வாழும். பச்சிளங்குழந்தையுடையது 70 முதல் 90 நாள்தான். ஆக, கழிவு குவிகிறது. பிலிருபின் தண்ணீரில் கரையாது. அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டிக் கரையவைத்துப் பித்தத்தில் அனுப்புவது ஈரலின் வேலை. அந்த ஒட்டுவேலையைச் செய்யும் நொதி பிறந்த நேரத்தில் பெரியவர்களுக்கு இருப்பதில் சுமார் நூறில் ஒரு பங்குதான் செயல்படும். அதுவரை நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ஈரல் அல்லவா அந்த வேலையைப் பார்த்துவந்தது!

பறவைகள் பச்சையோடு நிறுத்திக்கொள்கின்றன. பிலிவெர்டின் தண்ணீரில் கரையும், தொல்லையில்லை. நாம் ஏன் மெனக்கெட்டு மஞ்சளாக்குகிறோம்? கொழுப்பில் கரையும் பிலிருபினால்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மாவிடம் போக முடியும் என்பது ஒரு விளக்கம்.

குடலுக்கு வந்துவிட்ட பிலிருபினும் அங்கேயே தங்கினால் மறுபடி ரத்தத்தில் ஏறிவிடும். குழந்தையின் முதல் மலமான காட்டுப்பீ சீக்கிரம் வெளியேற வேண்டும். அதற்குத்தான் மருத்துவர்கள் அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் குழந்தையின் வயிறு நிரம்பும்; பால் குடிப்பது குறையும்; மஞ்சள் கூடும்.

சிகிச்சை கிடைத்த கதை இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது. குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் ஜீன் வார்டுக்கு வெயிலும் வெளிக்காற்றும் குழந்தைகளுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. நல்ல வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்குத் தூக்கிப் போவார். 1956 கோடையில் ஒருநாள், மருத்துவர்கள் சுற்றி வந்தபோது, ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, ஒரே ஒரு முக்கோணம் மட்டும் அடர்மஞ்சள். துணியின் ஒரு முனை மூடியிருந்த, வெயில் படாத இடம் அது. அதன் பிறகு, வெயில் விழும் ஜன்னலோரம் கிடந்த ரத்தச் சோதனைக் குழாய் ஒன்றில் பிலிருபின் அளவு எதிர்பாராமல் குறைந்திருந்தது. மருத்துவர் கிரெமரும் குழுவினரும் நீல ஒளிக்குழல்கள் பொருத்திய தொட்டில் ஒன்றைச் செய்து சோதித்து, 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஆனாலும் அமெரிக்க மருத்துவர்கள் இதை நம்பி ஏற்க இன்னும் பத்து வருஷம் ஆனது.

ஒளி என்ன செய்கிறது? பிலிருபின் மூலக்கூறு பொத்திய கையைப் போன்றது. தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகளை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டிருக்கும். 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளி தோல் வழியே புகுந்து பட்டதும் ஒரு பிணைப்பு திரும்பிக்கொள்கிறது, விரல்கள் பிரிகின்றன. இனி அது ஈரலின் ஒட்டுவேலைக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் கரைந்து போய்விடும். நீல ஒளியை விழுங்குவதால்தான் பிலிருபின் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அந்த மஞ்சளே அதன் பலவீனம். ‘லைட்டுல வச்சிருக்காங்க’ என்று கேட்டதும் பாட்டிமார் பதறுவார்கள். அந்த விளக்கில் புற ஊதாக் கதிர் கிடையாது, கண்ணைக் கட்டுவது பளீர் வெளிச்சத்திலிருந்து காக்கத்தான்.

அப்படியானால் காலை வெயிலில் காட்டுவது? அடிப்படை பொய்யில்லை. நைஜீரியாவில் புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலத்துக்குக் கீழே குழந்தைகளைக் கிடத்திச் சோதித்து, 2015இல் நல்ல பலனை வெளியிட்டார்கள். ஆனால் அது மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது. திண்ணை வெயிலில் எவ்வளவு நீலம் கிடைத்தது என்று யார் அளப்பது? கழுதைப்பாலையும் கீழாநெல்லியையும் பச்சிளங்குழந்தையின் வாயில் வைக்கவே கூடாது.

பெரும்பாலான மஞ்சள் ஓரிரு வாரத்தில் தானாக வடிந்துவிடும். அளவு மீறினால், ரத்தப் புரதத்தில் ஒட்டாமல் மிஞ்சிய பிலிருபின் மூளைக்குள் நுழைந்து படியும். காது கேளாமை, கைகால் முறுக்கல் என அதன் கேடு ஆயுளுக்கும் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, பாதம்வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சென்று அழுதாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு ஆர்எச் நெகட்டிவ் அல்லது ஓ வகை ரத்தம் என்றால் கூடுதல் கவனம். ஜி6பிடி நொதிக் குறை உள்ள குழந்தைக்கு, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினாலே சிவப்பணுக்கள் சரசரவென உடையக்கூடும். ஒளி போதாதபோது குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மாற்று ரத்தம் ஏற்றுவார்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், கண்ணைப் பார்த்ததோடு துணியையும் பாருங்கள். மலம் மஞ்சளாக இருந்தால் பித்தம் குடலுக்கு வருகிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கு விளக்கு உதவாது, அறுவை சிகிச்சைதான். ஜப்பானிய மருத்துவர் கசாய் வகுத்த அந்த அறுவைக்குப் பலன் நன்றாகக் கிடைப்பது பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால்.