பீரங்கித் துளையும் நீராவிப் பொறியும்

பொருளியல் பயில்வோர் தொடக்கத்திலேயே சந்திக்கும் எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று துப்பாக்கியும் வெண்ணெயும் பற்றியது. ஒரு நாட்டின் உழைப்பும் மூலதனமும் எல்லைக்குட்பட்டன. ஆதலின் துப்பாக்கி மிகுதியாக ஆக்கப்படின் வெண்ணெய் குறையும். 1948இல் வெளிவந்த சாமுவேல்சனின் பாடநூல் இவ்வுவமையை மாணவ உலகெங்கும் பரப்பிற்று. ஆயினும் இதற்கு நேர்மாறான கூற்றொன்றையும் மாணவர் விடைத்தாள்களிற் பலகாற் காண்கின்றோம். போர் புதுப்புனைவைத் தரும், புதுப்புனைவு வளத்தைத் தரும், ஆகவே படைச் செலவு வீண் செலவன்று என்பதே அது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடுமா?

இதனை ஆராயுமுன் வளர்ச்சிக்குக் காரணம் யாதென அறிதல் வேண்டும். 1909 முதல் 1949 வரை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இருமடங்காயிற்று. இவ்வுயர்ச்சியில் எட்டில் ஒரு பங்கே மூலதனப் பெருக்கத்தால் வந்தது, எஞ்சிய ஏழு பங்கும் தொழினுட்ப மாற்றத்தால் வந்தது என 1957இல் றொபேட் சோலோ கணித்துக் காட்டினார். அவ்வேழு பங்கினுள் அடங்கியிருப்பது யாது என்பதற்கு அவர் கணக்கில் விடையில்லை. பிற்காலத்தில் அயர்ஸ், வார் என்னும் ஆய்வாளர் இருவர் எரிபொருளின் சத்தி பயன்தரு வேலையாக மாற்றப்படும் திறன் உயர்ந்து வந்தமையே அதன் பெரும்பகுதி என வாதித்தனர். இக்கருத்தை எல்லோரும் ஏற்றிலர். எனினும் படைச் செலவின் பயனை அளப்பதற்கு இது நல்லதோர் அளவுகோல். படைக்கலத் தொழிலிற் பிறந்த நுட்பம் ஏனையோருக்குச் சத்தியை மலிவாக்கிற்றா என்பதே வினா.

மலிவாக்கியதற்கு ஒரு சான்று பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியிலேயே உண்டு. யேம்ஸ் வாற்று தம் தனி ஒடுக்கிக்கு ஆக்கவுரிமை பெற்றது 1769இல். ஆயின் அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் அவரது பொறி தொழிற்களத்துக்கு வந்திலது. உருளையின் உட்புறம் செவ்வட்டமாக அமையாமையால் ஆடுதண்டின் ஓரமாக நீராவி கசிந்து வீணாயிற்று. இரும்புத் தொழிலதிபர் யோன் வில்கின்சன் 1774இல் பீரங்கியைத் திண்மமாக வார்த்து, பின்னர் அதனைச் சுழற்றித் துளையிடும் முறைக்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டில், துளைக்குந் தண்டை இருமுனையிலுந் தாங்கி நிறுத்தும் வேறொரு பொறியமைத்து வாற்றின் உருளைகளைக் கடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளையிற் கூடப் பழைய சில்லிங் நாணயமொன்றின் தடிப்பளவு பிழையுமில்லை என வாற்றின் பங்காளி பௌல்டன் வியந்து எழுதினார். 1776இல் முதலிரு பொறிகளும் இயங்கின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைத்தது. மற்றையது வில்கின்சனின் சொந்த உலைக்குக் காற்றூதியது.

இனி, பௌல்டனும் வாற்றும் கூலி வாங்கிய முறை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. பழைய நியுகொமன் பொறியோடு ஒப்பிடுமிடத்து எவ்வளவு நிலக்கரி மீதமாயிற்றோ, அம்மீதப்பெறுமதியில் மூன்றிலொரு பங்கே அவர்கள் பெற்ற உரிமைப்பணம். கரியைக் கடல்வழி தருவிக்கவேண்டியிருந்த கோண்வால் சுரங்கத்தார் இப்பொறியை விரும்பி வாங்கியதன் காரணமும் அதுவே. துளைக்கும் திறனைப் பீரங்கி வளர்த்தது. அதனை எங்கே எவ்வாறு பயன்படுத்துவது என்று தீர்மானித்ததோ கரியின் விலை.

அணுச்சத்தியின் வரலாறு வேறு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி றிக்கோவருக்கு வேண்டியிருந்தது நீர்மூழ்கிக் கப்பலுக்கேற்ற உலை. அது காற்றின்றி இயங்குதல் வேண்டும், ஒடுங்கிய இடத்துள் அடங்குதல் வேண்டும், விலை எதுவாயினும் ஆகுக. சாதாரண நீரைக் கொண்டே அணுப்பிளவைப் பேணி வெப்பத்தையும் அகற்றும் அழுத்தநீர் உலை அதற்குப் பொருந்திற்று. அதற்கு வேண்டிய செறிவூட்டிய யூரேனியமோ குண்டுக்கெனக் கட்டிய ஆலைகளில் ஆயத்தமாயிருந்தது. 1955 சனவரியில் நோட்டிலஸ் அணுவலுவாற் புறப்பட்டது; 1958இல் வடதுருவப் பனிக்கட்டியின் கீழாகச் சென்றது. போர்க்கருவி என்ற வகையில் அது பெருவெற்றியே.

விமானந்தாங்கிக் கப்பலொன்றுக்கென வகுத்த உலைத்திட்டம் கைவிடப்பட்டபோது, அதையே தழுவிப் பென்சில்வேனியாவில் சிப்பிங்போட் மின்னிலையம் எழுந்தது. 1957 இறுதியில் இயங்கத் தொடங்கிய அதன் 60 மெகாவாற்று மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தினும் பன்மடங்கு விலையுற்றது. முன்னோடி நிலையத்துக்கு இது இயல்பே. ஆயின் அளந்து விற்கவும் வேண்டாத அளவுக்கு மின்சாரம் மலியும் என 1954இல் அமெரிக்க அணுச்சத்தி ஆணைக்குழுத் தலைவர் ஸ்திரோஸ் கூறிய நாள் இன்றும் வந்திலது. பிரித்தானியாவில் 1956இல் திறக்கப்பட்ட கல்டர் ஹோல் நிலையமும் குண்டுக்குரிய புளூட்டோனியத்தையே முதன்மையாக நாடியது. இன்று உலகில் இயங்கும் உலைகளிற் பெரும்பான்மையானவை கப்பலுக்கென வகுத்த அவ்வழுத்தநீர் வகையினவே. உலக மின்சாரத்தில் அணுவின் பங்கு 1990களின் நடுவில் ஏறத்தாழ 17 சதவீதமாயிருந்து, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 9 சதவீதமாய்க் குறைந்துள்ளது. விபத்துக்கள் மீதான அச்சம் இதற்கொரு காரணம். கட்டுமானச் செலவு மற்றொன்று. நிலத்திலே மலிவான மின்சாரத்துக்கென முதலிலிருந்தே தேடியிருப்பின் வேறு வகை உலை வென்றிருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

படைத்துறை முதற் கொள்வோனாக நின்று உதவியதையும் மறைத்தலாகாது. 1960களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த மின்சுற்றுக்களை அதிக விலைக்கு வாங்கியோர் ஏவுகணை, விண்வெளித் திட்டத்தாரே. எனினும் இப்புரவலனின்றியும் நாடு வளரும் என்பதற்கு யப்பான் சான்று. 1950இல் மூண்ட கொரியப் போரின்போது அமெரிக்கப் படையின் கொள்வனவு அந்நாட்டைத் தூக்கிவிட்டதும், அமெரிக்கக் காவலின்கீழ் அது வாழ்ந்ததும் மெய். ஆயினும் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதமே படைக்குச் செலவிட்டு, 1973 வரை ஆண்டுக்கு ஒன்பது சதவீதமளவில் அது வளர்ந்தது. எண்ணெய் விலை ஏறிய மறுகணமே, 1974இல், அவ்வளர்ச்சி தடைப்பட்டது. அதன் பொருளாதாரம் எதனால் ஓடியது என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

வறிய நாடுகளின் நிலை யாது? வளர்முக நாடுகள் 44ஐ ஆராய்ந்து, படைச் செலவு மிக்க நாடுகள் விரைந்து வளர்ந்தன என 1973இல் எமில் பெனோயிற் எழுதினார். அவ்வாய்வைப் படைச் செலவுக்கு நற்சான்றாகக் கொண்டோர் பலர். அந்நாடுகளுட் பல வெளிநாட்டுதவி மிகுதியும் பெற்றவை, வளர்ச்சியும் படைச் செலவும் அவ்வுதவியாலேயே உயர்ந்திருக்கலாம் எனப் பின்வந்தோர் மறுத்தனர். யான் மறுத்தோர் பக்கமே. வில்கின்சனின் பட்டறை பிரித்தானியாவில் இருந்தது. பீரங்கிக்குக் கொடுத்த பணம் அங்கேயே ஒரு கைத்திறனாக எஞ்சிற்று. ஆயுதத்தை அயல்நாட்டிலிருந்து வாங்குவோனுக்கு அவ்வெச்சமும் இல்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இலங்கை அரசு வானூர்திகளையும் பீரங்கிகளையும் வெளிநாடுகளிலிருந்தே பெற்றது; அவற்றாற் பெருகிய கைத்திறன் அவ்வந்நாட்டுத் தொழிற்சாலைகளில் தங்கிற்று. 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி இந்நாட்டு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு நடுவிற் பாடசாலைகளும் சில வாரம் மூடப்பட்டன.