வகுப்பறைச் சுவரில் ஓர் அரூப ஓவியம்

அரூப ஓவியம் என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். மயில் படம் என்றால் "மயில்" என்று சொல்லி முடித்துவிடலாம். இதில் என்ன சொல்வது என்ற தயக்கம். சிலமலையில் எங்கள் வகுப்பறைக்கு ஜாக்சன் பொல்லாக் 1950இல் தீட்டிய ‘இலையுதிர்கால லயம்’ ஓவியத்தை அக்ரிலிக் அச்சாக வாங்கி மாட்டியிருக்கிறோம்.

நான் முதலில் விரும்பியது கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஒன்றை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர் அவர். ஆனால் நம் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பணிக்கர் மறைந்தது 1977இல். 2037 முடியும்வரை அனுமதி இல்லாமல் அச்சிடக் கூடாது. பொல்லாக் 1956இலேயே மறைந்துவிட்டார்.

அக்ரிலிக் அச்சில் படம் கண்ணாடி போன்ற பலகையின் பின்புறம் இருக்கும். அதனால் நிறம் ஆழமாகத் தெரியும். 3 அடிக்கு 1½ அடி, 5 மி.மீ. தடிமன் என்றால் எடை சுமார் இரண்டரை கிலோ. நான்கு மூலையிலும் ஸ்டட் வைத்துச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டினால் மழைக்கால ஈரம் படத்தைத் தொடாது. அகலவாக்கில் 5,400 பிக்சலாவது உள்ள கோப்பைக் கொடுங்கள். கடைக்காரர் "சைஸுக்கு இழுத்துவிடுகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஓவியமே மாறிவிடும்.

ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் படத்தில் தெரிவது ஜன்னல்தான். சாக்பீஸ் தூசியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஈரமான பருத்தித் துணி போதும். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். படத்தின் நடுப்பகுதி மாணவர் கண் மட்டத்தில் இருக்கட்டும், நம் கண் மட்டத்தில் அல்ல. பணம் குறைவென்றால் சன்போர்டில் மேட் அச்சு எடுக்கலாம். பளபளப்பு இல்லாததால் வகுப்பறைக்கு அதுவே மேல் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

எந்த அச்சும் மறைத்துவிடுவது இரண்டு: வண்ணத்தின் மேடுபள்ளம், மூலத்தின் அளவு. அந்த ஓவியம் 17 அடிக்கு மேல் அகலம், ஏறத்தாழ 9 அடி உயரம். மைதானத்தில் அதே அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு உள்ளே நிற்கச் சொன்னேன். பொல்லாக் துணியைத் தரையில் விரித்துச் சுற்றி நடந்தபடி வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்ததை அதுவரை நான் சொல்லவில்லை. தினமும் வாசலில் கோலமிடும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான், இதை ஒரே இடத்தில் நின்று போட்டிருக்க முடியாது, நாலு பக்கமும் நடந்திருக்க வேண்டும் என்றாள்.